சின்னுவுக்கு வந்த பெட்டி

தலைமன்னார் பியர் இறங்குதுறையில் பிரேமினி கட்டிய பெட்டி என்றால் கொழும்பு மீன் சந்தையில் மூடியைத் திறந்து பார்க்காமலே இறக்கிவிடுவார்கள். இதை அவள் சொல்லித் திரிந்தவள் இல்லை. லொறிக்காரர் சொன்னார்கள், மீன் வாடியின் முதலாளி, சம்மாட்டி யாகப்பு சொன்னார், அவளைக் கண்ணில் காணப் பிடிக்காதவர்கள்கூட வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். ரெஜிபோம் என்கிற தெர்மோகோல் பெட்டியின் அடியில் ஒரு படை நொறுக்கிய ஐஸ், அதன்மேல் ஒரு படை மீன், அதன்மேல் மறுபடி ஐஸ். இடையில் காற்றுக்கு இடம் விடாமல் கையால் அழுத்தி அழுத்திக் கட்ட வேண்டும். தூரம் போகிற பெட்டிக்கு ஐஸோடு இரண்டு பிடி கல்லுப்பும் கலப்பாள். உப்புச் சேர்ந்த ஐஸ் சும்மா ஐஸைவிடக் கடுங்குளிர். அறக்குளா மீன் விறைத்து விறகுக்கட்டை மாதிரிப் போய் இறங்கும். பிரேமினிக்குச் சோறு போட்டது அந்தக் கை. அவள் தலையில் மண்ணை அள்ளிப் போட்டதும் அதே கைதான்.

அவள் பிறந்தது மண்டபம் அகதி முகாமில். தொண்ணூறாம் ஆண்டு, அவளை வயிற்றில் சுமந்தபடி இதே கரையிலிருந்து தாய் வள்ளம் ஏறினாள். முகாமில் அவர்களைச் சிலோன்காரர் என்றார்கள். சண்டை முடிந்து தாயும் மகளும் திரும்பி வந்தபோது, ஊரில் அவளை இந்தியாக்காரி என்றார்கள். எந்தக் கரையில் நின்றாலும் மற்றக் கரைக்காரி. 'ஆமா', 'வாங்க' என்று வாயைத் திறந்தாலே வாடியில் ஒரே சிரிப்பு. ரோசக்காரி, ஒரு வருசத்துக்குள் ஓம், வாறன், போறன் எல்லாவற்றையும் பழகிக்கொண்டாள். முகாம் பேச்சு வீட்டுக்குள் தாயோடு மட்டும் என்று ஆனது. பிறகு தாய் சிறுநீரகம் பழுதாகிக் கண்ணை மூடினாள். அந்தப் பேச்சைப் பேச ஆள் இல்லாமல் போனது.

சின்னு வந்தது அதற்குப் பிறகுதான். ஐஸ் நொறுக்கும் மெஷினுக்குப் பின்னால், ஈரச் சாக்குக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்த பெட்டை நாய்க்குட்டி. மண்ணிற உடம்பு, நாலு காலிலும் வெள்ளைச் சப்பாத்துப் போட்ட மாதிரி. பிரேமினி அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். "ஏய், என்னடி இப்பிடி நடுங்குற? அம்மா இருக்கேன்ல?" என்று அவள் வாயில் வந்த முதல் வார்த்தையே முகாம் பேச்சாக வந்தது. அன்றிலிருந்து வீட்டுக்குள் வேறு பேச்சே இல்லை. வாடியில் எவன் என்ன சொன்னான், எந்த வள்ளத்துக்கு எவ்வளவு மீன், தாயின் திவசத்துக்கு யார் யார் வரவில்லை என்று ஒன்று விடாமல் சின்னுவிடம் ஒப்புவிப்பாள். சின்னுவும் தலையைச் சரித்துக் கேட்கும். அரைவாசி மனிதருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

தனியாக இருக்கிற பெண்ணின் வேலி தங்கள் சொத்து என்று நினைக்கிற ஆம்பிளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அப்படி ஒருவன் ஒரு பின்னேரம் நல்ல குடிவெறியில் வேலியால் ஏறி விழுந்தான். சின்னு அவனைக் கடிக்கவில்லை, இடுப்புச் சாரத்தை மட்டும் உருவிக்கொண்டு வந்து பிரேமினியின் காலடியில் போட்டது. அந்த மனிதன் பனையோலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்ததை ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அதன்பிறகு வேலிப் பக்கம் ஒருவரும் வரவில்லை. தாய் போன பிறகு பிரேமினி நிம்மதியாக நித்திரை கொண்டது அதற்குப் பிறகுதான்.

அந்தச் சின்னுவின் தாடைக்குக் கீழே போன வருசம் தேசிக்காயளவில் உருண்டையாக ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஒரு கிழமைக்குள் மற்றப் பக்கத்திலும் ஒன்று.

மன்னாரில் மிருக வைத்தியராக இருக்கிற நிறோஜன் வயதில் சிறியவன். மாடும் ஆடும் பார்த்தே களைத்துப்போனவன். ஓட்டோவில் நாயை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கியவளைப் பார்த்ததும் அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கட்டியில் ஊசி விட்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினான். முடிவு வந்ததும் அவளைக் கதிரையில் இருத்தித்தான் பேசினான்.

"அக்கா, ஒளிக்காமச் சொல்லுறன். உது லிம்போமா. புற்றுநோய்தான். மருந்து ஏத்தினா வத்தும். ஆனா திரும்பி வரும்."

"திரும்பி வந்தா?"

நிறோஜன் மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினான்.

மருந்து ஏற்றினார்கள், கட்டி வற்றியது. சின்னு மறுபடி தெருவில் திரிகிற கழுதைகளைத் துரத்தத் தொடங்கியது. பிரேமினி டொக்டருக்கு நல்ல பாரை மீனாகப் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கச்சான் காற்றுக் காலம் முடிவதற்குள் கட்டி திரும்பி வந்தது. இந்த முறை மருந்தை அது மதிக்கவே இல்லை. சின்னு சோற்றை மணந்துவிட்டு முகத்தைத் திருப்பியது. விலா எலும்பு எண்ணக்கூடியதாக வெளியே வந்தது.

"நாய்தானே பிள்ளை. இன்னொண்டைப் பிடிச்சு வளத்துக்கொள்ளன்" என்றார் யாகப்பு. நல்ல மனிதர், நல்லதாக நினைத்துத்தான் சொன்னார். வாடியில் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். தாய் செத்தபோது இன்னொருத்தியைப் பிடித்துக்கொள் என்று ஒருவரும் சொல்லவில்லையே என்று பிரேமினிக்கு நெஞ்சு எரிந்தது. மடு மாதாவுக்கு மெழுகுதிரி, கேதீஸ்வரத்தானுக்கு அபிசேகம், வழியில் இருக்கிற பிள்ளையாருக்கு மோதகம் என்று நேர்த்தி வைத்தாள். எந்தச் சாமி நாய்க்கு வைத்தியம் பார்க்கும் என்று தெரியாததால் ஒருவரையும் விடவில்லை.

ஒருநாள் நிறோஜனே போனில் கோல் எடுத்தான்.

"அக்கா, கொழும்பில எனக்குப் படிப்பிச்ச மிஸ் ஒராள் இருக்கிறா, கீர்த்திகா எண்டு. நாயளுக்குப் புது வைத்தியம் ஒண்டு செய்து பாக்கிறா. ஆராய்ச்சிதான். சுகமாகும் எண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன்."

"என்ன வைத்தியம்?"

"உடம்புக்குள்ள நோயோட சண்டை பிடிக்கிற கலங்கள், செல் எண்டு சொல்லுறது, இருக்கு. சின்னுவின்ர இரத்தத்தில இருந்து அதுகளைப் பிரிச்செடுத்து, ஆய்வுகூடத்தில தீனி போட்டுப் பெருக்கி, திருப்பி அதின்ர உடம்புக்குள்ளயே விடுறது. அதின்ர சொந்த ஆமி எண்டு வையுங்கோவன்."

"டொக்டர், ஆமி வந்து எங்கட ஊரில ஆருக்கு நன்மை நடந்தது?"

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்துவிட்டது.

மீன் லொறிக்காரன் சுபாஸ்கரன் தன் கபினுக்குள் நாய்க்கு இடம் கொடுத்தான். கொழும்பு வரைக்கும் சின்னு அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு போனது. ஆய்வுகூடத்தில் கீர்த்திகா இரத்தம் எடுத்தாள். அமைதியான பெண், ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்தாள். ஒரு துளியை நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்துப் பார்க்கச் சொன்னாள். உள்ளே இறால் முட்டை மாதிரி வட்ட வட்டமாக நிறைந்திருந்தது.

"இது முழுக்கச் சின்னுவோ மிஸ்?"

"ஓம், முழுக்கச் சின்னுதான்."

பிரேமினி கண்ணை எடுக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கலங்கள் பெருக மூன்று கிழமை தேவைப்பட்டது. அதற்குள் சின்னு இன்னும் மெலிந்து போனது. மறுபடி கொழும்புக்குக் கொண்டுபோனால் வழியிலேயே போய்விடும் என்று நிறோஜன் சொன்னான். கலங்களைப் பெட்டியில் அனுப்புவது, சின்னுவின் வீட்டில் வைத்தே நிறோஜன் ஏற்றுவது என்று முடிவாகியது. மீனை இறக்கிவிட்டு வெறும் லொறியோடு திரும்புகிற சுபாஸ்கரனே பெட்டியைக் கொண்டுவருவான். அனுப்புவதற்கு முதல் நாள் கீர்த்திகா கோல் எடுத்தாள்.

"பிரேமினி, கூல் பைக்கற் வைச்சுத்தான் அனுப்புறன், அந்தக் குளிர் காணும். நீங்கள் ஐஸ் ஒண்டும் போடவேண்டாம். வந்த உடன ஏத்திப்போடோணும்."

"ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்றாள் பிரேமினி. அவள் மனம் பிடித்துக்கொண்டு நின்றது 'அனுப்புறன்' என்ற சொல்லைத்தான்.

அடுத்த நாள் சோளகக் காற்று நெருப்பாக வீசியது. காலையிலேயே நிறோஜன் சாமான்களோடு வந்து காத்திருந்தான். லொறி வரவில்லை. மதவாச்சிக்குக் கிட்ட ரேடியேற்றர் வெடித்து நிற்கிறது என்று சுபாஸ்கரன் கோல் எடுத்துச் சொன்னான். கராஜ்காரன் வர வேண்டும், சாமான் வர வேண்டும். மத்தியானம் ஆகியது. அந்த நேரம் பெரியமடுவிலிருந்து நிறோஜனுக்குக் கோல் வந்தது. அங்கே மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுகின்றனவாம். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அக்கா, நான் போகத்தான் வேணும். பெட்டி வந்தோடன கோல் எடுங்கோ, ஓடி வாறன்."

பெட்டி பின்னேரம் வந்தது. சுபாஸ்கரன் அதைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு இறங்கினான். பிரேமினி நிறோஜனுக்குக் கோல் எடுத்தாள். பெரியமடுவில் மாட்டுப் பட்டிகள் இருக்கிற காட்டுக்குள் லைன் கிடைக்கவில்லை, இருந்தும் திரும்பத் திரும்ப எடுத்தாள். கீர்த்திகாவுக்கு எடுத்தாள். போன் நிற்பாட்டிக் கிடந்தது. கடைசியில் பெரியமடுவுக்குப் போகிற ஒருவர் மூலம் சொல்லி அனுப்பினாள், விடிந்ததும் வந்துவிடுகிறேன் என்ற பதில் மட்டும் வந்து சேர்ந்தது.

விடியும் மட்டும் என்ன செய்வது? அவள் மூடியைத் திறந்தாள். கூல் பைக்கற் எல்லாம் களியாக இளகிக் கிடந்தன. தொட்டால் குளிரே இல்லை. நடுவில் சேலைன் பை மாதிரி ஒரு சின்னப் பை, அதற்குள் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு கலங்கல். மீன் என்றால் செவுளைப் பார்த்துச் சொல்லுவாள். இதற்குச் செவுள் எங்கே?

"வெக்கையில பழுதாப் போயிடும் போல கிடக்கே" என்றாள்.

"உன்னைவிட ஆருக்குத் தெரியும்?" என்றான் சுபாஸ்கரன். அவன் வஞ்சகம் இல்லாமல்தான் சொன்னான். பகல் முழுதும் வெயிலுக்குள் கிடந்த பெட்டியை நினைத்து அவனுக்கும் பயம்.

ஐஸ் வேண்டாம் என்று மிஸ் சொன்னது அவளுக்கு நினைவில் இருந்தது. நினைவில் இல்லை என்று பின்னாளில் ஒருபோதும் அவள் சொல்லவில்லை. ஆனால் மிஸ் சொன்னது லொறி நேரத்துக்கு வரும் என்று நம்பி. லொறி நடுத்தெருவில் வெடித்து நிற்கும் என்று மிஸ்ஸுக்குத் தெரியுமா? கொழும்பு ஆட்கள் ஐஸ் போட்டால் தண்ணீர் கசிந்து சாமானுக்குள் போகும், அதற்குத்தான் வேண்டாம் என்றிருப்பா என்று மனதுக்குச் சமாதானம் சொன்னாள். என் கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகுமா? இத்தனை வருசத்தில் நான் கட்டியது எது பழுதாகியிருக்கிறது?

பையை இரண்டு பொலித்தீனில் சுற்றிக் காற்றுப் போகாமல் கட்டினாள். வாடியிலேயே சுத்தமான ஐஸாகப் பார்த்து அள்ளினாள். ஒரு படை போட்டுப் பையை வைத்து மூடினாள். காலை வரைக்கும் தாங்க வேண்டுமே என்று இரண்டு பிடி கல்லுப்பைக் கலந்து அழுத்தினாள். எந்த அறக்குளாவுக்கும் அவள் அவ்வளவு கவனமாகக் கட்டியதில்லை. பெட்டியைச் சின்னுவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். சின்னு மூக்கை மட்டும் நீட்டி மணந்தது.

"உன்னோடதுதான்டி, எல்லாம் நீதான். நாளைக்கு எந்திரிச்சு ஓடப் போற பாரு."

வெகுநாளுக்குப் பிறகு அன்றிரவு அவள் அடித்துப் போட்டதுபோல நித்திரை கொண்டாள்.

விடிந்ததும் நிறோஜன் வந்துவிட்டான். உடுப்பெல்லாம் சேறு, கண் இரண்டும் சிவந்து கிடந்தது. பிரேமினி அவனுக்கு முன்னால் பெட்டியைக் கொண்டுவந்து வைத்து மூடியைத் தானே திறந்தாள். அவன் குனிந்து பார்த்தான். பிறகு ஐஸுக்குள் கையை விட்டுப் பையை எடுத்தான். பை கல்லாக இருந்தது. விரலால் தட்டியபோது சத்தம் கேட்டது.

"அக்கா, உப்புப் போட்டனீங்களோ?"

"ஓம், ரெண்டு பிடி. ஏன் டொக்டர், காணாதோ?"

நிறோஜன் தரையிலேயே குந்திவிட்டான். சொல்லாமல் விட முடியாது. சொன்னான். கலம் என்பது உயிருள்ள சாமான், அதற்குள் தண்ணீர் இருக்கிறது, உறைந்தால் அந்தத் தண்ணீர் ஊசி ஊசியாகக் குத்திக் கலத்தைக் கிழித்துவிடும். சும்மா ஐஸோடு நின்றிருந்தாலாவது கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். உப்புத்தான் உறைய வைத்துவிட்டது.

"இளக்கிப்போட்டு ஏத்துங்கோ."

"செத்துப்போச்சுது அக்கா. எல்லாம் செத்த கலம்."

"செத்ததெண்டாலும் அதின்ரதானே? முழுக்கச் சின்னுதான் எண்டு மிஸ் சொன்னவ. ஏத்துங்கோ!"

"ஏத்தினா இப்பவே போயிடும். நான் செய்யமாட்டன்."

பிரேமினி வலது கையைச் சுவரில் ஓங்கி அடித்தாள். மறுபடி அடித்தாள். தோல் உரிந்து இரத்தம் வந்தது, நிறோஜன் பிடிக்கப் போனபோது அவனையும் தள்ளிவிட்டாள். இரண்டு நாளாக எழும்பாமல் கிடந்த சின்னு அந்தச் சத்தத்துக்கு எழும்பியது. கால் தள்ளாட வந்து, அவள் மடியில் ஏற முடியாமல் பக்கத்தில் விழுந்து, அந்தக் கையை நக்கியது. இதைவிட என்னைக் கடித்துக் குதறியிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று பிரேமினி பிறகு யாகப்புவிடம் சொன்னாள்.

கீர்த்திகா பின்னேரம் கோல் எடுத்தாள். விஷயம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"பிரேமினி, ஏன் போடக்கூடாது எண்டதை நான் சொல்லேல்லை. போனையும் நிப்பாட்டி வைச்சிருந்தனான். என்ர பிழை."

"நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னனீங்கள் மிஸ். நான்தான் கேக்கேல்லை. எனக்கு எல்லாம் தெரியும் எண்ட எடுப்பு."

பிறகு கீர்த்திகா மெதுவாகச் சொன்னாள். வளர்ந்தது எல்லாவற்றையும் அனுப்பியாகிவிட்டது, மிச்சம் இல்லை. திரும்ப இரத்தம் எடுத்தால் திரும்ப வளர்க்கலாம். ஆனால் மறுபடி மூன்று கிழமை. சின்னு அதுவரைக்கும் தாங்குமா என்று தெரியாது. இரத்தம் எடுப்பதையே தாங்குமா என்றும் தெரியாது.

"எடுங்கோ மிஸ்" என்றாள் பிரேமினி. யோசிக்கவே இல்லை. "இந்த முறை நான் கிட்டயும் வரமாட்டன். தொடமாட்டன். எடுங்கோ."

அவள் வேலைக்குப் போகவில்லை. யாகப்பு ஆள் அனுப்பியும் போகவில்லை. பஞ்சில் பால் நனைத்துச் சின்னுவின் வாயில் பிழிந்தாள், பாதி வெளியே வழிந்தது. "மூணு வாரம்டி. மூணே மூணு வாரம். அம்மாவுக்காக இருடி" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கட்டி தொண்டையை அமத்தி, சின்னு ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து எடுத்தது. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கூடாது என்பதற்காகவே அவள் பேச்சை நிறுத்தவில்லை.

நிறோஜன் இரத்தம் எடுக்க வந்தான். அவன் பையில் இரண்டு விதமான ஊசி இருந்தது. ஒன்றை எடுத்து வெளியே வைத்தான், மற்றதைப் பற்றிப் பேசவில்லை. பிரேமினி சின்னுவின் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்தாள். எத்தனையோ முறை ஊசி ஏறி முன்னங்கால்கள் இரண்டிலும் மயிர் வழிக்கப்பட்டு, வெள்ளைச் சப்பாத்து இருந்த இடம் வெறும் தோலாகக் கிடந்தது.

"பிடியுங்கோ அக்கா" என்று நிறோஜன் ஊசியை எடுத்தான்.

சின்னு கண்ணைத் திறந்தது. ஊசியைப் பார்த்தது. ஒருவரும் பிடிக்கவில்லை, ஒருவரும் சொல்லவில்லை. அது தன் வலது முன்னங்காலைத் தானே மெல்ல மெல்ல நகர்த்தி நிறோஜனுக்கு முன்னால் நீட்டி வைத்தது. இத்தனை மாதமாக இவர்கள் தன்னிடம் கேட்டது இதைத்தானே என்று அதற்குப் பிடிபட்டிருந்தது. நீட்டிவிட்டு, சரியாகச் செய்தேனா என்று கேட்கிற மாதிரி பிரேமினியைப் பார்த்தது. வால் நுனி ஒருமுறை நிலத்தில் தட்டியது.

பிரேமினி அந்தக் காலைப் பிடித்தாள். பிடித்து, மடக்கி, சின்னுவின் நெஞ்சுக்குக் கீழே வைத்தாள்.

"காணும் டொக்டர், விடுங்கோ."

"அக்கா, மிஸ் காத்துக்கொண்டிருக்கிறா…"

"காணும். என்ர ஆசைக்கு இது இனியும் கை நீட்டவேண்டாம்."

நிறோஜன் ஊசியைக் கீழே வைத்தான். காற்றுக்கு வேலியின் தகரப் படலை அடித்துக்கொண்டிருந்தது. சின்னு மூச்சை இழுத்தது, விட்டது, மறுபடி இழுக்க இடம் தேடியது. பிரேமினி அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மற்ற ஊசி கொண்டுவந்தனீங்கள்தானே?"

"ஓம்."

"நோகுமோ?"

"நித்திரை மாதிரி. ஆனா அதையும் நரம்பிலதான் போடோணும் அக்கா."

அவன் மருந்தை இழுத்தான். பிரேமினி குனிந்து சின்னுவின் நெற்றியில் முகத்தை வைத்தாள், முகாம் பேச்சில் எதையோ சொன்னாள், நிறோஜனுக்குக் கேட்கவில்லை. பிறகு, தான் மடக்கி வைத்த காலைத் தானே வெளியே எடுத்து, அவனிடம் நீட்டிக் கொடுத்தாள்.